ஒரு மான்ஸ்டரின் பூர்வீகத்தைத் தேடிப் போவது எப்படி?

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதில் கதாபாத்திரங்களாகி மேஜையைச் சுற்றி விளையாடுவது ரோல்பிளே விளையாட்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான அந்த விளையாட்டைப் புதிதாக நடத்த உட்காருகிறவர்களிடம் ஒரு கேள்வி கட்டாயம் வந்து சேரும். சண்டை முடிந்திருக்கும். ஆந்தைத் தலையும் கரடி உடம்புமாக ஒரு ஆந்தைக்கரடி செத்துக் கிடக்கும். விளையாடுகிறவர்களில் ஒருவர் டைஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்: "சரி, இது எங்கிருந்து வந்தது? இந்தக் காட்டுக்கு எப்படி வந்தது?"

என்னிடம் முதல்முறை இப்படிக் கேட்டபோது விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். ஹிட் பாயின்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு) எவ்வளவு, நகம் பட்டால் எவ்வளவு டேமேஜ் என்று எல்லாம் இருந்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் சில வரிதான் இருந்தது. அந்தச் சில வரிகளைப் பிடித்துக்கொண்டு தேடத் தொடங்கியவன் இன்னும் நிறுத்தவில்லை. புதிதாக வருகிறவர்கள் அதே தேடலை எப்படித் தொடங்கலாம் என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

கேள்வி ஒன்றல்ல, இரண்டு

"இது எங்கிருந்து வந்தது?" என்பதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. நம் உலகத்தில் இதை யார், எதைப் பார்த்து உருவாக்கினார்கள் என்பது ஒன்று. கதை நடக்கும் உலகத்தில், அதாவது செட்டிங்கில், இது எப்படிப் பிறந்தது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து எழுதினால் சீக்கிரமே குழம்பிவிடும்.

ஆந்தைக்கரடியையே பாருங்கள். நம் உலகத்தில் அதன் பூர்வீகம் ஒரு பிளாஸ்டிக் பொம்மைப் பொட்டலம். விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், ஹாங்காங்கில் தயாரான மலிவான பொம்மைகளை வாங்கி மேஜையில் மான்ஸ்டர்களாக வைத்து விளையாடினார். என்ன விலங்கு என்றே சொல்ல முடியாத அந்த உருவங்களுக்குப் பெயரும் வித்தையும் கொடுத்தபோது பிறந்தவைதான் ஆந்தைக்கரடி, இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டர், மண்ணுக்குள் சுறாவைப் போல நீந்தும் புலெட் ஆகியவை. ஆனால் விளையாட்டின் உலகத்துக்குள் பொம்மை கிடையாது. அங்கே, கிறுக்குப் பிடித்த மந்திரவாதி ஒருவன் ஆந்தையையும் கரடியையும் சேர்த்துச் செய்தான் என்கிறார்கள். இரண்டு பதிலும் சரிதான். நோட்டில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

முதல் படி: ஒரே ஒரு மான்ஸ்டர்

ஒரு நோட்டை எடுத்து, அடுத்த இரண்டு மூன்று ஆட்டங்களில் மேஜைக்கு வரப்போகிற ஒரு மான்ஸ்டரின் பெயரை எழுதுங்கள். ஒன்று போதும். "எல்லா டிராகன்களும்" என்று தொடங்கியவர்கள் பாதி வழியிலேயே விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: பெயர், உடம்பு, வித்தை

எனக்கு இருப்பதிலேயே அதிகம் கைகொடுத்த படி இதுதான். ஒரு மான்ஸ்டரை முழுசாக எடுத்துத் தேடாதீர்கள். அதன் பெயர் எங்கிருந்து, உடம்பு எங்கிருந்து, வித்தை எங்கிருந்து என்று மூன்றாகப் பிரித்துத் தேடுங்கள். மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருவது அபூர்வம்.

டிரோல் நல்ல உதாரணம். பெயர் ஸ்காண்டிநேவிய நாட்டார் கதைகளிலிருந்து வந்தது. அந்தக் கதைகள் பலவற்றில் டிரோல் மேல் வெயில் பட்டால் கல்லாகிவிடும். விளையாட்டில் வரும் டிரோலை வெயில் ஒன்றும் செய்யாது. வெட்ட வெட்ட உடம்பு திரும்ப வளரும், நெருப்போ அமிலமோ பட்டால்தான் அடங்கும். இந்த வித்தையும் அந்தப் பச்சை உடம்பும் நீண்ட மூக்கும், எழுத்தாளர் பௌல் ஆண்டர்சன் எழுதிய, 1961இல் நாவலாக வெளிவந்த ஒரு கதையிலிருந்து வந்தவை. ஆக, பெயர் ஓரிடம், உடம்பும் வித்தையும் வேறிடம். உங்கள் மேஜையில் ஒருவர் "விடியும்வரை தாக்குப்பிடித்தால் போதும், கல்லாகிவிடும்" என்று சொன்னால் அவரைத் தவறு என்று சொல்லாதீர்கள். அவர் பெயரின் பூர்வீகத்தைப் பேசுகிறார்.

கோர்கன் இன்னும் விநோதம். கிரேக்கக் கதையில் கோர்கன் என்றால் பாம்புக் கூந்தல்காரி மெடூசாவும் அவள் சகோதரிகளும். விளையாட்டில் மெடூசா தனி மான்ஸ்டர். கோர்கன் என்பதோ இரும்புச் செதில் போர்த்த ஒரு காளை, மூச்சு விட்டே ஆளைக் கல்லாக்கும். எட்வர்ட் டாப்செல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1607இல் நாலுகால் விலங்குகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். செதில் போர்த்த ஒரு விலங்கை அதில் கோர்கன் என்று குறித்திருந்தார். காளை அந்த வழியாக வந்ததுதான்.

கோபோல்டின் பெயர் ஜெர்மன் சுரங்கங்களிலிருந்து வந்தது. வெள்ளி மாதிரி மின்னும் தாதுவைக் காய்ச்சினால் வெள்ளி வராது, நச்சுப் புகைதான் வரும். சுரங்கத் தொழிலாளர்கள் இது கோபோல்ட் என்ற குட்டிப் பிசாசின் வேலை என்றார்கள். கோபால்ட் என்ற உலோகத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். இன்றைய விளையாட்டில் கோபோல்ட் டிராகனுக்குத் தூரத்து உறவான குட்டிப் பல்லி மனிதன். அந்த உறவு அழுத்தமாக நிலைத்தது 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில். உடம்பு மாறிவிட்டது, ஆனால் சுரங்கம் இன்னும் கூடவே இருக்கிறது: அவை இன்றைக்கும் நிலத்தடியில் தோண்டிக்கொண்டும் பொறி வைத்துக்கொண்டும்தான் இருக்கின்றன. பூர்வீகத்தில் எது தப்பிப் பிழைத்தது என்பதையும் இப்படிக் குறித்து வையுங்கள்.

சில வித்தைகளுக்கு ஒரே ஊரைக் காட்ட முடியாது. லிச் என்ற சாகாத மந்திரவாதி தன் உயிரை ஒரு பொருளுக்குள் ஒளித்து வைத்திருப்பான். பெயர் பழைய ஆங்கிலத்தில் பிணத்தைக் குறித்த சொல். ஆனால் உயிரை வேறோரிடத்தில் வைப்பது? ரஷ்யக் கதைகளில் கொஷ்செய் என்ற தீயவனின் சாவு முட்டைக்குள் இருக்கும் ஊசியில் இருக்கிறது. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கிளிக்குள் உயிரை வைத்த அரக்கனை நமக்கே தெரியும். இது உலகம் முழுக்க அலைகிற கதைக்கூறு. இப்படிப்பட்டதற்கு "பொதுச்சொத்து" என்று எழுதிவிட்டு நகர்வதுதான் நேர்மை.

மூன்றாம் படி: முதல் அச்சைப் பிடியுங்கள்

அந்த மான்ஸ்டர் முதலில் எங்கே அச்சானது என்று பாருங்கள். விளையாட்டு 1974இல் வந்தது. 1975இல் கிரேஹாக் என்ற இணைப்புப் புத்தகம் ஆந்தைக்கரடி, பல கண்கள் கொண்ட பிஹோல்டர் உட்படப் பல புது மான்ஸ்டர்களைச் சேர்த்தது. 1977இல் மான்ஸ்டர்களுக்கென்றே ஒரு தனிப் புத்தகம், மான்ஸ்டர் மேனுவல். 1981இல் அதே மாதிரி இன்னொன்று, ஃபீண்ட் ஃபோலியோ. இந்த இரண்டாவதில் பெரும்பகுதி ஒரு பிரிட்டிஷ் பத்திரிகைக்கு வாசகர்கள் எழுதி அனுப்பியவை. அப்புறம் 1989, 2000, 2008, 2014 என்று ஒவ்வொரு பதிப்பிலும் எல்லாம் திரும்ப எழுதப்பட்டது. பழையதிலிருந்து புதியதுக்கு வாருங்கள். ஒவ்வொரு பதிப்பிலும் மாறியதை மட்டும் ஒரு வரியில் எழுதினால் போதும். ரசிகர்கள் எழுதிய தகவல் பக்கங்கள் வழிகாட்ட நல்லவை; ஆனால் அவை சுட்டும் மூலப் பக்கத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நோட்டில் ஏற்றுங்கள்.

முதல் அச்சு கிடைத்துவிட்டால் அதற்கு முந்தைய மூலமும் பல சமயம் பிடிபட்டுவிடும். தோளிலிருந்து இரண்டு உணர்கொம்புகள் நீளும் கறும்பூனை டிஸ்பிளேசர் பீஸ்ட். ஏ. ஈ. வான் வாக்ட் 1939இல் எழுதிய ஒரு விண்வெளிச் சிறுகதையில் அதே தோள் உணர்கொம்புகளோடு ஒரு பூனை மிருகம் வருகிறது. 1975இல் வந்த, மூளையைத் தின்னும் மைண்ட் ஃபிளேயர், ஒரு திகில் நாவலின் அட்டைப்படத்தைப் பார்த்துக் கைகாக்ஸுக்குத் தோன்றியது. கதையைவிட அட்டைதான் தூண்டியது என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒன்று இன்னொன்றைப் போல இருக்கிறது என்பதாலேயே அதிலிருந்து வந்தது என்று ஆகிவிடாது. நான் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறி போடுவேன். உருவாக்கியவரே ஒப்புக்கொண்டிருந்தால் "சொன்னது". தோள் உணர்கொம்பு மாதிரி வேறெங்கும் இல்லாத ஓர் அடையாளம் ஒத்துப்போனால் "பொருந்துவது". மற்றதெல்லாம் "ஊகம்". ஊகத்தை அழிக்க வேண்டியதில்லை. ஆனால் ஊகத்தை உண்மை மாதிரி அடுத்தவரிடம் சொல்லக் கூடாது.

பெயர் திடீரென்று மாறியிருந்தால் காரணம் சட்டமாக இருக்கலாம். ஆரம்ப அச்சுகளில் ஹாபிட், என்ட், பால்ரோக் என்று லார்ட் ஆஃப் த ரிங்ஸ் எழுதிய டோல்கீனின் உயிரினங்கள் அப்படியே இருந்தன. உரிமைப் பிரச்சினை வந்ததும் ஹாஃப்லிங், டிரியன்ட், பேலோர் ஆயின. இது தெரியாமல் பேலோரை எங்கெங்கோ தேடி அலைகிறவர்கள் உண்டு.

மேஜையிலேயே பிறந்தவை

எந்தப் புராணத்திலும் கிடைக்காத மான்ஸ்டர்களும் இருக்கின்றன. அவற்றின் பூர்வீகம் விளையாட்டு மேஜைதான். ஜெலட்டினஸ் கியூப் பத்து அடி நீள அகல உயரம் உள்ள, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தெளிவான கூழ்க்கட்டி. ஏன் சரியாகப் பத்து அடி? கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்குப் பத்து அடி என்று வரைந்த நிலவறைப் பாதையை அது அச்சு பிசகாமல் அடைக்கிறது, அவ்வளவுதான். பெட்டி கிடைத்தால் யோசிக்காமல் திறக்கிறவர்களுக்காகப் பெட்டி வேஷம் போடும் மிமிக். ஒவ்வொரு கதவிலும் காதை வைத்து ஒட்டுக்கேட்கிறவர்களுக்காகக் காதுக்குள் புகும் இயர் சீக்கர். விளையாடுகிறவர்களின் பழக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூச்சியோ பிசாசோ முளைத்திருக்கிறது. உங்கள் மான்ஸ்டர் இந்த ரகம் என்று தெரிந்தால் "எந்தப் பழக்கத்துக்குப் பதில் இது?" என்று கேளுங்கள்.

நான்காம் படி: செட்டிங்குக்குள் நுழையுங்கள்

இப்போது இரண்டாவது பக்கம். இங்கே கேட்க வேண்டியது "என்ன நடந்தது" என்பதைவிட "யார் அப்படிச் சொல்கிறார்கள்" என்பதுதான். 2014 பதிப்பு ஆந்தைக்கரடிக்கு மந்திரவாதிக் கதையைச் சொல்லிவிட்டு, அதை மறுக்கும் குரலையும் பக்கத்திலேயே வைக்கிறது: தேவதைக் குலத்தவர் சிலர், தங்கள் உலகத்தில் இவை என்றைக்கும் இருந்தவைதான் என்கிறார்கள். ஒரே புத்தகத்தில் இரண்டு பூர்வீகம். புதியவர்கள் இதைப் பிழை என்று நினைப்பார்கள். உண்மையில் இது உங்களுக்குக் கிடைத்த பரிசு. ஒரு கதையை நூலகத்தில் இருக்கும் பண்டிதர் சொல்லட்டும், மற்றதைக் காட்டில் இருக்கும் கிழவி சொல்லட்டும்.

எந்தச் செட்டிங் என்பதையும் மறக்காதீர்கள். பொதுப் புத்தகத்தில் இருப்பது எல்லா உலகத்துக்கும் பொருந்தாது. 2004இல் வந்த எபரான் உலகத்தில் டிராகனின் நிறத்தை வைத்து அது நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது.

அப்புறம் அந்தப் பூர்வீகக் கதையை உடம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். என்ன தின்கிறது? குட்டி போடுமா, முட்டையிடுமா, இரண்டும் இல்லையா? மந்திரவாதி ஒரே ஒன்றைத்தான் செய்தான் என்றால் இன்று காடு முழுக்க எப்படி இருக்கிறது? இந்த மாதிரிக் கேள்விகளுக்கு ஒரு பாரம்பரியமே உண்டு: 1983இல் டிராகன் என்ற பத்திரிகை, குகைக் கூரையில் கல்விழுது மாதிரி தொங்கிக் கீழே போகிறவர்கள் மேல் விழும் பியர்சரின் வாழ்க்கை முறையைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. அது ஒரு நீண்ட தொடரின் தொடக்கமானது. 1989 பதிப்பில் ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் வாழிடம், சமூகம், சூழல் என்று தனிப் பத்திகளே வந்தன. நீங்கள் விளையாடுவது எந்தப் பதிப்பாக இருந்தாலும் இந்தப் பத்திகளைத் தேடிப் படியுங்கள்.

ஒன்றை முழுசாகப் பார்ப்போம்: ராக்ஷஸன்

பெயர் எங்கிருந்து என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1977 புத்தகமே இவை முதலில் இந்தியாவில் அறியப்பட்டவை என்று குறிப்பிடுகிறது. நினைத்த உருவம் எடுக்கும் வித்தையும் அங்கிருந்துதான்: இராமாயணத்தில் மாரீசன் மானாகிறான், இராவணன் சந்நியாசியாக வந்து நிற்கிறான். காமரூபி என்ற சொல்லே இதற்கு இருக்கிறது.

உடம்பு? புலித் தலை எந்த இதிகாசத்தையும்விட ஒரு படத்துக்குத்தான் கடன்பட்டிருக்கிறது. 1977 புத்தகத்தில் டேவிட் டிராம்பியர் வரைந்த படத்தில், புலித் தலையோடு கனவான் போல உடுத்திய ஒருவன் உட்கார்ந்து புகைக்குழாய் பிடிக்கிறான். அந்தப் படம்தான் அடுத்த தலைமுறைகளுக்கு ராக்ஷஸனின் முகமாக நின்றுவிட்டது.

விநோதமானது சாவு. அந்தப் புத்தகத்தில், மதகுரு ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு பட்டால் ராக்ஷஸன் செத்துவிடுவான். இராமாயணத்தில் இதைத் தேடினால் கிடைக்காது. 1974 டிசம்பரில் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ராக்ஷஸன் வந்தான். எதிரில் இருப்பவர் நம்பும் ஆளின் உருவத்தில் கிட்டே வந்து கொல்வான். ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பில்தான் சாவான். அடுத்த வருடம் 1975 டிசம்பரில் விளையாட்டின் ராக்ஷஸன் முதலில் அச்சானான். இப்படி ஒரு தனி அடையாளம் கிடைக்கும்போது வரும் சந்தோஷத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். 2014 பதிப்பில் குறுக்குவில் போய்விட்டது, ஆனால் நல்லவர் கையிலுள்ள மந்திர ஆயுதம் குத்தினால் ராக்ஷஸனுக்கு இரட்டிப்பு டேமேஜ். அம்பின் தழும்பு இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது பக்கத்துக்கு வந்தால், பொதுப் புத்தகத்தில் இவர்கள் ஒன்பது நரகங்களிலிருந்து வந்தவர்கள். கொன்றால் அங்கே திரும்பிப் போய், மறுபடி உடம்பெடுத்து, பழிவாங்க வருவார்கள். எபரானில் இவர்கள் உலகின் அடியாழமான கைபரில் பிறந்தவர்கள். ஒரு யுகத்தில் உலகத்தையே ஆண்டு, டிராகன்களாலும் கொவாட்டில் என்ற சிறகுப் பாம்புகளாலும் வீழ்த்தப்பட்டவர்கள்.

நான் இதோடு நிறுத்தவில்லை, பெயரின் ஊருக்கே திரும்பிப் போனேன். உத்தர காண்டத்தில் ஒரு பிறப்புக் கதை இருக்கிறது. பிரம்மா தண்ணீரைப் படைத்து, அதைக் காக்கச் சில உயிர்களையும் படைக்கிறார். "காப்போம்" என்று சொன்னவர்கள் ராக்ஷஸர் ஆனார்கள். ரக்ஷ என்ற வேர்ச்சொல்லுக்கே காத்தல் என்றுதான் பொருள். எந்த விதிப்புத்தகத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை. காவல்காரர்களாகத் தொடங்கியவர்கள் ஏன் இப்படி ஆனார்கள் என்று கேட்டதும் ஒரு முழு காம்பெய்னுக்கான, அதாவது பல ஆட்டங்களுக்கு நீளும் தொடர்கதைக்கான, கரு என் கையில் இருந்தது. வீடணனும் அதே குலம்தான் என்பதை நினைத்தால் "எல்லா ராக்ஷஸரும் கெட்டவர்கள்" என்ற வரியையும் அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை.

கடைசிப் படி: மேஜைக்குக் கொண்டுவாருங்கள்

கண்டுபிடித்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொற்பொழிவாகச் சொல்லாதீர்கள். பார்க்கவும் தொடவும் முடிகிற மூன்று தடயங்களாக மாற்றுங்கள். பூர்வீகப் பக்கத்தைப் படித்து, எது கண்ணில் படும், எது காதில் விழும், எது ஓர் ஆவணத்தில் இருக்கும் என்று பிரியுங்கள்.

நான் செய்தது இது. ஏரிக்கரைக் கோட்டை ஒன்றில் பெருந்தன்மையான ஒரு பிரபு. எப்போதும் கையுறை. விருந்தினருக்குத் தானே கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பார், ஆனால் ஊற்றும்போது மணிக்கட்டு திரும்ப வேண்டிய பக்கம் திரும்பாது. புதிய பதிப்புகளில் ராக்ஷஸனின் உள்ளங்கை வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும், அதுதான் முதல் தடயம். கோட்டை வாசலில் பாதி அழிந்த கல்வெட்டு, "காப்போம்" என்ற சொல் மட்டும் மிச்சம். மூன்றாவது, பஞ்சத்திலும் அந்த ஏரித் தண்ணீரில் ஒரு குடம்கூட வெளியே போனதில்லை என்று சொல்லும் ஊர்க் கணக்கு. மூன்று ஆட்டங்கள் கழித்து, ஒரு பெண் கதாபாத்திரம் அவர் கைகழுவும்போது நீர் எந்தப் பக்கம் வழிகிறது என்று கேட்டாள். மேஜையே அமைதியாகிவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் நோட்டைத் திரும்ப எடுத்து, விளையாடுகிறவர்கள் வாய்விட்டுச் சொன்ன ஊகங்களை எழுதி வையுங்கள். எங்கள் மேஜையில் ஒருவர், அந்தப் பிரபு ஏரியைக் காக்கவில்லை, ஏரிக்குள் இருக்கும் எதையோ வெளியே வராமல் காக்கிறார் என்று அடித்துச் சொன்னார். அது நான் நினைத்தே பார்க்காதது. இரண்டாவது பக்கத்தில், ஊர்க்காரர்கள் சொல்வது என்ற தலைப்பின் கீழ் அதை எழுதினேன். ஏரியின் ஆழம் எவ்வளவு என்ற இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன்.